வேரைப் பார்த்துக் கவாத்து

கேமரன் மலை என்றதும் பலருக்குக் குளிரும் ஸ்ட்ராபெரியும்தான் நினைவுக்கு வரும். தானா ராத்தாவில் பிறந்து வளர்ந்த எனக்கோ கொழுந்துக் கூடையும் காலைப் பெரட்டும் நினைவுக்கு வரும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இம்மலைச் சரிவுகளில் தமிழரின் உழைப்பு படிந்திருக்கிறது. அந்த உழைப்பாளிகள் சொன்ன கதைகளை எங்கள் மொழிக்கழகத்தின் மூத்த மாணவர்கள் 2003 முதல் திரட்டி, கழகத்தின் அகப்பக்கத்தில் ஏற்றி வைத்தார்கள். என் பாட்டியின் பேச்சும் அதில் இருக்கிறது. பாட்டி இன்று இல்லை. பேச்சைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. எஞ்சியிருப்பது தரவுத்தளத்தில் உள்ள எழுத்து மட்டுமே.

2024-இல் அகப்பக்கப் பொறுப்பு என்னிடம் வந்தது. சில வாரங்களில், வழங்கியை வாடகைக்குத் தந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்தது. வழங்கி மேலாண்மை மென்பொருளைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். கூடவே தரவுத்தளமும் மைஎஸ்கியூஎல் 5.7-இலிருந்து 8.0-க்கு மாறுமாம். “வாடிக்கையாளர் எதுவும் செய்யத் தேவையில்லை” என்றது கடைசி வரி. அந்த வரிதான் எனக்கு அச்சம் தந்தது.

நண்பர்களே, இதைக் கணினித் துறையினர் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிபேனல், ப்ளெஸ்க் போன்ற மேலாண்மை மென்பொருள்கள் வீட்டுக்கு முகப்பு மாதிரி. மின்னஞ்சல், கோப்பு, கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். நாம் எழுதியவை தங்கியிருக்கும் அறை தரவுத்தளம். முகப்பின் ஒவ்வொரு புதிய பதிப்பும் குறிப்பிட்ட சில தரவுத்தளப் பதிப்புகளோடு மட்டுமே ஒத்துப்போகும். மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டதால் மாற்றத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. 8.0-க்குப் போன பிறகு 5.7-க்குத் திரும்பவும் முடியாது. பழைய நகல் கையில் இருந்தால்தான் மீட்சி.

வீட்டில் இதைச் சொன்னபோது, தோட்டத்தில் மண்டோராக இருந்த அப்பா சிரித்தார். “கவாத்து வெட்டுறதுக்கு முன்னாடி நாங்க வேரைத்தான்டா பார்ப்போம்,” என்றார். தேயிலைச் செடியைக் கவாத்து செய்தால் இலையெல்லாம் போய்விடும். மீண்டும் துளிர்க்க வேண்டிய சத்து வேரில்தான் மாவாகச் சேர்ந்திருக்கும். ஆகவே வேர்த்துண்டு ஒன்றை வெட்டி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமானால் வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் செடி பட்டுப்போகும். எனக்கு வேண்டிய பாடம் அதில் இருந்தது.

முதலில் தரவுத்தளம் முழுவதையும் நகலெடுத்து என் மடிக்கணினியில் ஏற்றினேன். மேம்பாட்டுக்கு முன் குறைகளைக் கண்டறிய மைஎஸ்கியூஎல் ஷெல்லில் ஒரு சோதனைக் கருவி உண்டு. அதை ஓட்டினேன். புதிர்ப்போட்டி முடிவுகளை வைத்திருந்த அட்டவணையில் ‘ரேங்க்’ என்றொரு பத்தி இருந்தது. 8.0-இல் அது ஒதுக்கப்பட்ட சொல். அப்படியே விட்டிருந்தால் அந்தப் பக்கம் திறக்காது. பெயரை மாற்றினேன்.

பெரிய சிக்கல் எழுத்தில் இருந்தது. 2004-இல் வெளிவந்த 4.1 பதிப்புக்கு முன்பு மைஎஸ்கியூஎல்லுக்கு யூனிகோடு பற்றிய தெளிவான ஏற்பாடு இல்லை. அதனால் நம் மூத்தவர்கள் இட்ட தமிழ், ‘லத்தீன்1’ என்ற மேற்கத்திய எழுத்துப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. போடுவதும் எடுப்பதும் ஒரே முறையில் நடந்தவரை பக்கம் சரியாகவே தெரிந்தது. புதிய அமைப்பு அதை உண்மையான லத்தீன் என்று நம்பி மாற்றினால் கதை கந்தலாகும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். ‘அ’ என்ற ஓர் எழுத்து, மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு முப்புள்ளி என மூன்று உருவங்களாகச் சிதறிவிடும். இதையாவது மீட்கலாம். தமிழ் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டால் மீட்பே இல்லை.

எந்தப் பத்தியில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ‘அம்மா’ என்ற சொல்லில் எத்தனை குறிகள் என்று தரவுத்தளத்தைக் கேளுங்கள். அ, ம, புள்ளி, ம, கால் என 5 என்று சொன்னால் நலம். 15 என்று சொன்னால் அது தமிழைத் தமிழாக அறியவில்லை. என் பாட்டியின் பேச்சு இருந்த பத்தி 15 என்றது!

மருந்தும் எளியதே. பத்தியை முதலில் வெறும் பைட்டுகளாக மாற்றி, அதன்பின் ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆக அறிவிக்க வேண்டும். நேரடியாக மாற்றினால் இரட்டைக் குழப்பம் வரும். பழைய ‘யூடிஎஃப்8’ போதாதா என்று கேட்கலாம். நம் வழக்கமான எழுத்துகளுக்குப் போதும். ஆனால் 2019-இல் யூனிகோடில் சேர்ந்த மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறியீடுகளுக்கு நான்கு பைட்டுகள் வேண்டும். நாளை யாராவது பழைய கணக்கேட்டைப் பதிவேற்றினால் அவற்றுக்கும் இடம் வேண்டுமல்லவா?

மடிக்கணினியில் எல்லாம் சரியாக வந்த பிறகே வழங்கியில் அதைச் செய்தேன். நிறுவனம் குறித்த நாள் வந்தது, போனது. மறுநாள் காலை ஒவ்வொரு கதையையும் திறந்து பார்த்தேன். கொழுந்து, கவாத்து, லயம், பெரட்டு, எல்லாச் சொற்களும் முழுமையாக இருந்தன. அப்பாவை அழைத்துப் பாட்டியின் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார்.

கணினியில் தமிழ் வளர்ப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். வளர்ப்பதோடு ஏற்கெனவே ஏற்றியதைக் காப்பதும் தமிழ்ப்பணியே. உங்கள் பள்ளி, கோயில், சங்கம் எதுவாயினும், அதன் அகப்பக்கம் எந்தத் தரவுத்தளத்தில், எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள். நகல் ஒன்றை எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி மேம்படுத்தலில் இறங்க வேண்டாம்.