முழத்துண்டு, கால் பணம்

ஏப்ரல் 15, புதன்

முந்திரிக்கொட்டைப் பால் பட்டு வலது கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. கரண்டியால் தின்றேன். ருசியே இல்லை. திருவிழா வரி கேட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அரிச்சந்திரா நாடகமாம். வள்ளி திருமணம் வைத்திருக்கலாம். தர்க்கம் கேட்டுவிட்டுத் தூங்கலாம். பணம் கொடுத்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 16

போகப்போவதில்லை. கொட்டை வேலை கிடக்கிறது. வீட்டுக்காரி இப்போதே பாய் எடுத்து வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 18, சனி

போனேன். விடிய விடிய. இடுப்பு விட்டுப்போச்சு.

நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-லேயே போய்விட்டார். இன்னும் ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும்புகிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் பிசிறு தட்டவில்லை. நட்சத்திரேசன் பாக்கி கேட்டு அரிச்சந்திரனை விடாமல் விரட்டுகிறான். கூட்டம் சிரித்தது. நானும்.

மயான காண்டம் நாலு மணிக்கு மேல். பாம்பு கடித்த லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி. சுடுகாடு காக்கும் புருஷன் முழத்துண்டும் கால் பணமும் கேட்கிறான். பக்கத்தில் ஒரு அத்தை மூக்கைச் சிந்தினாள். எனக்கு அழுகை வரவில்லை. அடிவயிறு சில்லிட்டது.

ஏப்ரல் 19

தூக்கமில்லை. அப்பா பாடையைச் சுடுகாட்டு அரிச்சந்திரன் கல்லுக்கு முன்னால் இறக்கிவைத்த மத்தியானம். சுடுகாடு காப்பவர் பாடி முடித்து ஆயிரத்து ஐநூறு கேட்டார். ஆயிரம் என்றேன். அங்கே நின்றுகொண்டு பேரம். பையில் பணம் இருந்தது. இருந்தது.

ஏப்ரல் 20

ஐநூறு ரூபாயெல்லாம் ஒரு விஷயமா? அந்த வாரம் என்ன செலவு! ஊரில் எவன் பேரம் பேசாதவன்?

விரல் எரிகிறது.

ஏப்ரல் 21

காந்தி சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்துவிட்டு, தனக்குள்ளேயே கணக்கில்லாமல் நடித்துப் பார்த்தாராம். சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அரிச்சந்திரனாகத்தான். நான் கண்ணை மூடினால் நட்சத்திரேசன் வந்து நிற்கிறான். அவனாவது கேட்கச் சொல்லி அனுப்பப்பட்டவன். என்னை யார் அனுப்பினார்கள்?

சொந்தப் பிள்ளைக்கே கூலியைத் தள்ளாதவன் கதை. நான் தள்ளச் சொன்னவன்.

ஏப்ரல் 22

ஆதனக்கோட்டையில் முந்திரிப் பருப்பு போட்டுவிட்டுத் திரும்பினேன். டீக்கடையில் அவர். "வாங்கய்யா" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூப்பு, எழுந்து வேறு நிற்கிறார். பஸ் வருகிறது என்று சொல்லி ஓடினேன். பஸ் வரவில்லை. புளியமரத்தடியில் அரைமணி நேரம் நின்றேன், கொசு பிடுங்கியது. அவள் டீ குடித்தீர்களா என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம்.

ஏப்ரல் 23

இன்றும் தாண்டிப் போனேன். நாளைக்கு.

ஏப்ரல் 24, வெள்ளி

கொடுத்தேன். நோட்டை மடித்து, யாரும் பார்க்காதபடி.

"எதுக்குங்கய்யா?"

"அப்பா காரியத்துல பாக்கி, அண்ணே. ஐநூறு."

அண்ணே என்று வாயில் எப்படி வந்தது, தெரியவில்லை. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அறுநூறுங்கய்யா. நீங்க அன்னைக்கித் தொள்ளாயிரம்தான் குடுத்தீங்க."

ஆயிரம் கொடுத்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியும் வைத்திருக்கிறேன், மேலே.

பையில் வேறு பணமில்லை. நூறு பாக்கி.