நாயின் பெயரும் நம் பெயரும்

தோட்டம் விட்டு வந்து கம்போங் மேடானில் நாங்கள் குடியேறிய வீட்டின் வாயிலில், சென்ற ஆண்டு கரிய நாயொன்று வந்து ஒண்டிற்று. "கறுப்பா!" என்றழைத்தான் என் மகன். என் அன்னையாரின் முகம் சுண்டிற்று. அது, பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த என் தந்தையாரின் பெயர்.

அன்றுதான் அன்னையார் வாய் திறந்தார். தோட்டத்துக் கிராணி ஒருவர் தம் நாய்க்கும் அப்பெயரையே இட்டிருந்தாராம். பெரட்டுக் களத்தில் அவர் பெயர் சொல்லி அழைப்பார்; தந்தையார் முன்வருவார்; கிராணியோ நாயைத் தடவிக்கொடுப்பார். களமே சிரிக்குமாம்.

நாய்க்குப் பெயரிடுதல் குற்றமா? ருஷியரைப் பாருங்கள். அவர்தம் 'ஷாரிக்' என்பதற்குச் சிறு பந்து என்று பொருள். 'பெல்கா' என்றால் அணில். 1957இல் விண்ணேறிய 'லைக்கா' என்றால் குரைப்பது. நாயை நோக்கி இட்ட பெயர்கள் அவை. கிராணி இட்டதோ மனிதனை நோக்கி!

கறுப்பு ஒரு நிறம், அதில் இழிவேது? இழிவு, இட்டவர் நெஞ்சில் இருந்தது. அதனை மெய்யென நம்பியன்றோ யானும் தந்தையார் பெயரைக் 'க.' என்னும் ஓரெழுத்துள் இத்தனை ஆண்டு ஒளித்துவந்தேன்! வெட்குகின்றேன்.

நாய்க்கு லைக்கா என்று பெயரிட்டோம். யான் இனிக் 'கறுப்பன் மகன்' என்று முழுதாகவே கையொப்பமிடுவேன்.