கையில் நிற்கும் சம்பளம்

2012-ல் என் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, பதினெட்டாயிரம்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். அந்த எண்ணை வாயால் சொல்லிப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது.

அப்போது நான் திருச்சியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் 9,000 ரூபாய். அது தவிர மாதம் ஏறக்குறைய 3,500 ரூபாய் இன்சென்டிவ் வரும். யார் சம்பளம் கேட்டாலும் ஒன்பதாயிரம் என்றுதான் சொல்வேன். இன்சென்டிவ் எனக்குச் சம்பளமாகவே தோன்றவில்லை. நான் செய்த முதல் தப்பு அது.

அந்த 3,500 எங்கிருந்து வந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்துவந்த 5 சதவீத கமிஷனை 2008-லிருந்து நிறுத்த ஆரம்பித்துவிட்டன. அதன் பிறகு எங்களைப் போன்ற சிறிய கடைகள் பிழைத்தது டிக்கெட்டுக்கு மேல் வாங்கும் சர்வீஸ் சார்ஜில்தான். திருச்சி விமான நிலையம் அப்போது சிறியதாக இருந்தாலும் அதன் கூட்டம் வெளிநாட்டுக் கூட்டம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று வேலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களுமாகவே இருப்பார்கள். பெரம்பலூர், புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பாஸ்போர்ட்டை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு இணையதளம் தேவையில்லை. விசா தேதியையும் டிக்கெட் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இது சரியா இருக்குங்க" என்று சொல்ல ஓர் ஆள் போதும். அந்த ஆளாக நான் இருந்தேன். ஒவ்வொரு டிக்கெட்டின் சர்வீஸ் சார்ஜிலும் முதலாளி எனக்கு ஒரு பங்கு வைத்தார்.

விலகுகிறேன் என்று சொன்னபோது முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, அந்த ஊர்ச் சம்பளத்தை அந்த ஊர்ச் செலவோட வச்சுப் பாருப்பா." என்னை நிறுத்திவைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் எனக்குக் கிடைத்தது கம்பெனிகளுக்கு டிக்கெட் போடும் பெரிய அலுவலகம். குரோம்பேட்டையில் 7,500 ரூபாய் வாடகைக்கு வீடு. பத்து மாத அட்வான்ஸ், 75,000. கையில் இருந்தது சீட்டுப் பணம் கொஞ்சம். அது வண்டிச் சத்தத்துக்கும் சாமான் வாங்கவும் சரியாகப் போயிற்று. மனைவியின் நகையை வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். "மூணு மாசத்துல மீட்டுடலாம்" என்று அவளிடம் சொன்னேன். எந்தக் கணக்கை வைத்து மூன்று மாதம் என்றேன் என்று எனக்கே தெரியாது.

முதல் மாதச் சம்பளத்தில் பி.எஃப். 1,080 போக 16,920 கைக்கு வந்தது. வாடகை 7,500. கரண்டுக்கு வீட்டுக்காரர் வைத்த ரேட், தண்ணீர் கேன், மெயின்டெனன்ஸ் சேர்த்து 1,500. மளிகை, பால், கேஸ் 5,500. பையனின் பள்ளிக்கூடமும் வேனும் 1,600. ரயில் சீசன் டிக்கெட்டும் மதியச் செலவும் 900. மொத்தம் 17,000. அதற்கு மேல் நகைக் கடன் வட்டி 750. மாதம் 830 ரூபாய் துண்டு விழுந்தது. காய்ச்சல், கல்யாணம், தீபாவளி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

திருச்சியில் 12,500 வாங்கி 8,000 செலவழித்து 4,500 மிச்சம் பிடித்தவன் நான். 18,000 வாங்கியபோது கடன்காரன் ஆனேன்.

இரண்டாவது தப்பை இன்றும் சொல்லக் கூசுகிறது. துண்டு விழுவதை நான் மனைவியிடம் மறைத்தேன். "ஆபீஸ்ல கொஞ்சம் டெபாசிட் பிடிக்கிறாங்க, அப்புறம் தருவாங்க" என்றேன். கூட வேலை செய்தவரிடம் கைமாற்று வாங்கினேன். அதை அடைக்க இன்னொருவரிடம் வாங்கினேன். ஐந்தாவது மாதம் நான் போட்ட ஒரு டிக்கெட்டில் கட்டண வகை தப்பாகிவிட்டது. விமான நிறுவனம் வித்தியாசத் தொகைக்கு டெபிட் மெமோ அனுப்பியது. அதை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று இரவு மனைவி தன் கணக்கு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். வந்த பணம் இடது பக்கம், போன பணம் வலது பக்கம், தேதி வாரியாக எழுதியிருந்தாள். "டெபாசிட் இல்லைன்னு எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும்ங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்தோம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருச்சியில் என் செலவு குறைந்ததற்குக் காரணம் ஊர் மலிவு என்பது மட்டுமில்லை. உறையூரில் அப்பா கட்டிய வீட்டுக்கு நான் வாடகை கொடுக்கவில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவந்தது அம்மா. அரிசி மாமனார் வீட்டிலிருந்து மூட்டையாக வந்தது. இவை எதுவும் சம்பளச் சீட்டில் இல்லை, ஆனால் இவைதான் என் சம்பளத்தைத் தாங்கிப் பிடித்திருந்தன. ஊருக்கு ஊர் வாடகை மாறும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி அப்போது சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், திருச்சியில் 20 சதவீதம். தனியார் வேலைக்குப் போகிறவனுக்கு அப்படி யாரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை. அவனேதான் போட வேண்டும்.

என் கணக்கில் இன்னொன்றும் விட்டுப் போயிருந்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து ஓர் அம்மா மகனின் சிங்கப்பூர் டிக்கெட்டுக்காக என் செல்லுக்கு அழைத்தார். "நீ போட்டுக் குடுப்பா, நீ போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். கம்பெனி வாடிக்கையாளர் தவிர வேறு யாருக்கும் நான் டிக்கெட் போடக் கூடாது. பழைய கடை எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்தேன். எங்கள் தொழிலில் ஊர் மாறினால் சம்பாதித்த பெயரையும் விட்டுவிட்டுத்தான் போகிறோம்.

பதினான்காவது மாதம் திருச்சிக்கே திரும்பினேன். முதலாளி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

2014-ல் துபாயிலிருந்து ஒரு வேலை வந்தது. மாதம் 3,500 திர்ஹாம், அன்றைய மதிப்பில் 57,000 ரூபாயைத் தாண்டும். இந்த முறை நானும் மனைவியும் நோட்டோடு உட்கார்ந்தோம். வருமான வரி கிடையாது, அது லாபம். தங்குமிடம் அவர்கள் தரவில்லை. துபாயின் தேரா பகுதியில் பெட் ஸ்பேஸ் எனப்படும் ஒரு கட்டில் இடம், சாப்பாடு, போன் எல்லாம் போக எவ்வளவு அனுப்ப முடியும் என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டு எழுதினோம். குடும்பத்துக்கு விசா எடுக்க 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000-த்தோடு தங்குமிடம் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. பணி முடிவில் தரும் கிராஜுவிட்டியும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான், மொத்தத்தின் மேல் இல்லை. பணம் மிஞ்சும், ஆனால் பையன் வளர்வதைப் பார்க்க முடியாது என்று கணக்கு சொன்னது. போகவில்லை. போனவர்கள் தப்பு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நோட்டு எங்களுக்குச் சொன்னது அது.

பிறகு சொந்தக் கடை வைத்தேன். மூன்றாவது தப்பு அங்கேதான். முதன்முதலில் வேலைக்கு வந்த பெண்ணிடம், "திருச்சிதானேம்மா, செலவு என்ன வந்துவிடப் போகிறது, எட்டாயிரம் போதும்" என்றேன். அவள் தலையாட்டினாள். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் அரியலூர்ப் பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் 4,500 கட்டித் தங்கியிருக்கிறாள் என்று. என் செலவைக் குறைத்தது என் அப்பாவின் வீடு. அந்த வீடு அவளுக்கு இல்லை. அது இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் அவள் சம்பளத்தைக் குறைத்திருந்தேன். அந்த மாதமே உயர்த்தினேன். டிக்கெட்டுக்கு இவ்வளவு பங்கு என்று எழுதியும் கொடுத்தேன்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த ஊரில் வாடகை என்ன, அட்வான்ஸ் எத்தனை மாதம், இன்சென்டிவ் உண்டா, தப்பு நடந்தால் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். இப்போது உங்களை இலவசமாகத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் யார் என்றும் எழுதிப் பாருங்கள். வீட்டில் இருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடைசி வரியில் என்ன நிற்கிறதோ அதுதான் உங்கள் சம்பளம்.