சத்தம் போடாத மணி

கோயிலில் என்னைப் பார்க்கிற பல பேர் முதலில் நலம் விசாரிப்பது எங்க வீட்டு நாய் மணியைத்தான். "குரைக்கவே குரைக்காதாமே! புளோக் வீட்டுக்கு இந்த மாதிரி நாய்தான் சரி" என்பார்கள். அன்னதான வரிசையில் கரண்டியோடு நிற்கும்போது அதற்குப் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

மணி ஒரு சில்க்கி டெரியர். இப்போ ஒன்பது வயது. நாலு வயதில் எங்களிடம் வந்தாள். முன்பு வளர்த்தவங்க வேறு நாட்டுக்குக் குடிபோனபோது கொடுத்துவிட்டுப் போனாங்க. அவங்க வைத்திருந்த ஆங்கிலப் பேர் மாமியார் வாயில் நுழையலை. "நாய்னா மணிதான்" என்று ஒரே நாளில் மாற்றிவிட்டார். வெட் கொடுத்த பழைய காகிதங்களை ஒரு வாரம் கழித்துத்தான் படித்தோம். குரல் எடுக்கிற ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்று அப்போதான் தெரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து புகார் மேல் புகார் வந்ததாம். அவங்களைத் திட்ட எனக்கு மனசில்லை. புகார் கடிதம் வந்தால் எப்படிக் கை நடுங்கும் என்று புளோக்கில் இருக்கிற நமக்குத் தெரியாதா?

மணி குரைப்பாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கதவு திறந்தால், கூரியர்க்காரர் வந்தால், எதிர்வீட்டுப் பூனை நடந்தால் முன்னங்கால் தூக்கித் தூக்கி, உடம்பு முழுக்கக் குலுங்கக் குரைப்பாள். வெளியே வருவது "ஹக்... ஹக்..." மட்டும்தான். தொண்டையில் சளி கட்டின வயசானவர் இருமுகிற மாதிரி. டிவியில் சத்தத்தை அமுக்கிவிட்டுப் படம் பார்ப்பது போல இருக்கும். கோயில் நேரலையில் சங்கு ஊதும்போது தலையைத் தூக்கி வாயைக் குவித்து ஊளையிடுவாள். காற்றுதான் வரும். அந்த நேரம் மாமியார் ஃபோன் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

ஆபரேஷன் என்றால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். குரல்வளைக்குள் இரண்டு மடிப்பு இருக்கும், அது அதிர்ந்துதான் சத்தம் வருது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவோ கழுத்தில் கீறியோ, அந்த மடிப்பை வெட்டி எடுப்பாங்க. வெட்டின இடத்தில் தழும்பு வளர்ந்து மூச்சுப் பாதை குறுகவும் வாய்ப்பு இருக்கு. மணிக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. நாய்க்கு நம்ம மாதிரி உடம்பு வேர்த்து சூடு இறங்காது, மூச்சிரைத்துத்தான் இறங்கணும். சிங்கப்பூர் வெயிலில் இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவளால் பத்து நிமிஷம் நடக்க முடியாது. அதனால் காலை 7 மணிக்கு முன்னால், இல்லையென்றால் இரவு 8 மணிக்கு மேல்தான் வெளியே கூட்டிப்போவோம். கழுத்துப்பட்டை கிடையாது, மார்போடு கட்டுகிற வார்தான். சாப்பாட்டை ஊறவைத்துக் கொடுக்கணும், காய்ந்ததைப் போட்டால் புரையேறும். கீழே மற்ற நாய்கள் நெருங்கும்போது "கிட்ட வராதே" என்று இவள் சொல்வது அதுங்களுக்குக் கேட்காது. இரண்டு தடவை கடி வாங்கியிருக்கிறாள்.

போன வருஷம் பள்ளி விடுமுறையில் சொந்தக்காரப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஒளிஞ்சு பிடிச்சு விளையாடினாங்க. பிள்ளைகள் போன பிறகு மணியைக் காணோம். மெயின் கதவு திறந்து கிடந்தது. வெளியே ஓடிவிட்டாள் என்றே நினைத்தோம். என் வீட்டுக்காரர் பதினோரு மாடியும் படியில் இறங்கித் தேடினார். பக்கத்து வீட்டு சீன அங்கிள் செருப்போடு கார்பார்க் முழுக்கச் சுற்றினார். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அரிசி எடுக்க பாம் ஷெல்ட்டரைத் திறந்த என் மகள்தான் கத்தினாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் மணி நின்றுகொண்டிருந்தாள், வாயோரம் நுரை. இரும்புக் கதவின் உள்பக்கம் பெயிண்ட் கீறிக் கிடந்தது. அவ்வளவு நேரமும் அவள் குரைத்திருக்கிறாள். நாங்க அந்தக் கதவைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறோம்.

மறுநாள் லிட்டில் இந்தியா போய் ஒரு சலங்கை மணி வாங்கி அவள் வாரில் கட்டினோம். சலங்கைச் சத்தம் பத்து நிமிஷம் கேட்கவில்லை என்றால் வீட்டில் யாராவது எழுந்து போய்ப் பார்ப்போம்.

இதை எல்லாம் இப்போ எழுதக் காரணம் இருக்கு. நம்ம கோயிலுக்கு வரும் ஒரு குடும்பம் போன தேய்பிறை அஷ்டமி அன்று, பைரவர் சன்னதியில் பூசணி தீபம் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்கள். ஒரு வயது நாய், நாள் முழுக்கக் குரைக்குதாம், மேல் வீட்டில் கோபமாம். "அந்த ஆபரேஷன் எங்கே செய்றாங்க அக்கா? உங்க மணி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்கள். நல்ல மனுஷங்கதான். கொடுமை செய்யணும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனா நாய் வாகனமாக நிற்கிற சுவாமிக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்னவோ செய்தது.

உத்தர காண்டத்தில் ஒரு நாய்க் கதை வரும், கேட்டிருப்பீர்கள். தலையில் அடிபட்ட நாய் ராமர் அரண்மனை வாசலில் வந்து நின்று, சபைக்குள் போய் தன் வழக்கைத் தானே சொல்லும். ராமரும் அடித்தவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். அந்த நாய்க்குச் சொல்ல வாய் இருந்தது.

ஐரோப்பாவில் 1987-லேயே செல்லப் பிராணிகள் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, காது வெட்டுவது, வால் வெட்டுவது போன்றவற்றோடு குரல் எடுப்பதையும் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2010-இல் தடைச் சட்டம் கொண்டு வந்தது. அங்கேயும் மாடி வீடுகள் உண்டு, கோபக்கார அண்டை வீட்டுக்காரர்களும் உண்டு.

அந்தக் குடும்பத்திடம் நான் கேட்டது, நாய் எப்போ குரைக்குது என்று. யோசித்துப் பார்த்தால் காரிடாரில் ஆள் போகும்போதும், இவங்க வேலைக்குக் கிளம்பின முதல் ஒரு மணி நேரமும்தானாம். கேட்டின் கீழ்ப்பாதியைப் பலகை வைத்து மறைத்தால் பாதிப் பிரச்சினை குறையும். கிளம்பும் முன் அரை மணி நேரம் நடக்கவிட்டால் களைத்துத் தூங்கும். தனியாக இருக்கப் பயப்படுகிற நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். செலவுதான், ஆபரேஷனும் சும்மா செய்வதில்லையே. மேல் வீட்டுக்கு ஒரு டப்பா கேசரியோடு போய், "இரண்டு மாசம் டைம் கொடுங்க" என்று முகம் பார்த்துக் கேட்கணும். அதுவும் முடியவில்லை என்றால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கு.

பலகை வைத்துவிட்டதாக நேற்று மெசேஜ் வந்தது. நடத்துவதுதான் சோம்பலாம். ஆபரேஷன் யோசனையை இன்னும் விடவில்லை போல.

இந்த ஞாயிறு உச்சிக்கால பூஜை முடிந்து நான் வீட்டில்தான் இருப்பேன். அவங்களும் சரி, இதே யோசனையில் இருக்கிற வேறு யாரும் சரி, வந்து மணியைப் பாருங்க. முகவரி வேணும்னா தனியாக மெசேஜ் பண்ணுங்க. வந்ததும் காலிங் பெல்லை அடித்துவிட்டு கேட்டுப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நில்லுங்க. நான் மெதுவாக வந்து திறக்கிறேன்.