ஆட்டுரல்களின் நடுவே

பிப்ரவரி 2, 2013, சனிக்கிழமை. ஃபோர்ட் கொச்சி

மிளகும் இஞ்சியும் கயிறும் கப்பலேறக் காத்துக் கிடந்த ஆஸ்பின்வால் மாளிகையின் கிடங்குகளில், சென்ற டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே கலைக்காட்சியைக் காணக் காலையிலேயே போய்விட்டேன். அமர் கன்வாரின் கூடத்தில் ஒடிசாவின் பாரம்பரிய நெல் விதைகள் ரகம் ரகமாக வைக்கப்பட்டிருந்தன. பழைய முசிறித் துறைமுகமென்று பலர் கருதும் பட்டணம் என்னும் ஊரின் அகழ்வில் கிடைத்து, ஆராய்ச்சிக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட ஓட்டுச் சில்லுகளைக்கொண்டு விவான் சுந்தரம் ஒரு நகரத்தையே சமைத்து, அதன்மேல் மிளகோடு வெள்ளத்தையும் பாய்ச்சிப் படம்பிடித்திருந்தார். மனம் கனத்தது.

ஆயினும் என்னைக் கட்டிப்போட்டவை கற்களே. மின்சார அரவை இயந்திரம் வந்தபின் வேலையற்றுப்போய், வீடு இடிபடும்போது வெளியே உருட்டப்பட்டு, உடைத்தால் ஆகாதென்ற அச்சத்தால் உடைபடாமலும், எடுத்துச்செல்வார் இன்மையால் அகலாமலும் பெங்களூர்த் தெருவோரங்களில் கிடந்த 170 ஆட்டுரல்களை ஷீலா கௌடாவும் கிறிஸ்டோப் ஸ்டோர்ஸும் இங்கே கொணர்ந்து சேர்த்திருக்கிறார்கள். தொடத் துணியாமல் குனிந்து பார்த்தேன். உளி கொத்தியது எவ்வளவு, கைகள் தேய்த்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை. எத்தனையோ ஸ்திரீகளின் மாலைப்பொழுதுகள், உளுந்து நுரைத்துப் பொங்கிய வாசனையோடு, அந்தக் குழிகளுக்குள் அடங்கிவிட்டன. படைப்பாளிகளின் பெயர்களைச் சுவரில் எழுதலாம். இந்தக் குழிவைச் செய்தவர்களின் பெயர்களை எங்கே எழுதுவது?

என் தாயாரின் வலக்கை, குழவி சுற்றிச் சுற்றி, உள்ளங்கையில் காய்த்துப்போயிருந்தது. அவர் மறைந்து ஒன்பது வருஷங்களாகின்றன. முகம் சில சமயம் ஞாபகத்தில் மங்குகிறது. அந்தக் காய்ப்பு மங்கவேயில்லை. மத்தியானத்துக்குமேல் வேறெதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, ஞாயிறு

இரவெல்லாம் சரியான தூக்கமில்லை. விடிந்ததும் திண்டுக்கல்லுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"அக்கா, நம்ம ஆட்டுரல் இருக்கா?"

"கொல்லையிலே, வேம்படியிலேதான் கிடக்கு தம்பி. மழைத் தண்ணி தேங்குனா குருவி வந்து குடிக்கும். ஏன், யாராச்சும் கேட்டாங்களா? குடுத்திரட்டுமா?"

யாருக்கும் கொடுக்க வேண்டாமென்றேன். குழவி எங்கே என்று கேட்டதற்கு, வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்க முட்டுக்கொடுத்திருப்பதாகச் சொன்னாள். சாயங்காலப் பயணச்சீட்டை ரத்துசெய்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.