சிறு திருத்தம்



எட்டு ஆண்டுகள் உழைத்த என் மடிக்கணினி சென்ற தவக்காலத்தில் நின்றுபோயிற்று. பிரசங்கக் குறிப்புகளுக்கு நகல் இருந்தது. தமிழ்த் தட்டச்சுக்காகவும் அச்சுக்காகவும் சிறிது சிறிதாகச் செய்துவைத்த அமைப்புகளுக்கு இல்லை. லினக்ஸில் அவை பெரும்பாலும் புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளில் இருக்கின்றன. சாதாரணப் பட்டியலில் தென்படுவதில்லை. கண்ணில் படாததை நகலெடுக்க எனக்குத் தோன்றவுமில்லை.

புதிய கணினி வந்தபோது, வாலிபர் சங்கத்துச் சகோதரர் ஒருவர் அக்கோப்புகளைக் ‘கிட்’டின் பொறுப்பில் வைக்கக் கற்றுத்தந்தார். லினக்ஸின் கருநிரலை எழுதுவோருக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கிய மென்பொருள் அது. ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்னும் குறிப்போடு பதிந்துவைக்கும். காரணத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் என் மாற்றங்களில் பாதி வெறும் சபலம் என்று தெரிந்தது!

ஓர் இரவு, அவசரத்தில், எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் சேர்த்து, யாவரும் காணக்கூடிய இணையக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டேன். அவற்றுள் ஒன்றில் சபை மின்னஞ்சலின் கடவுச்சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. காலையில் கண்டு திடுக்கிட்டேன். அவ்வரியை அழித்து, “சிறு திருத்தம்” என்று குறிப்பெழுதி, மீண்டும் அனுப்பினேன். எவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அச்சகோதரர் வந்தார். “ஐயா, இதைப் பாருங்கள்” என்று பதிவு வரலாற்றைத் திறந்தார். அழித்த வரி சிவப்பு நிறத்தில், முழுமையாக, அங்கே நின்றது. அழித்ததும் ஒரு பதிவுதானே. வரலாற்றையே திருத்தி எழுதும் கருவிகள் உண்டு. ஆனால் அதற்குள் ஒருவர் நகலெடுத்திருந்தால் அந்நகலை அவை எட்டா. முதலில் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். மாற்றினால் செயலாளருக்கும் பொருளாளருக்கும் காரணம் சொல்லவேண்டும். அன்று மாலையே சொன்னேன்.

அம்முகவரிக்கு ஜெப விண்ணப்பங்கள் அனுப்பியோர் உங்களில் உண்டு. வேறொருவரும் அறியலாகாதவற்றை எழுதியோரும் உண்டு. ஆகையால் உங்களுக்கும் சொல்லுகிறேன். உள்நுழைவுப் பதிவுகளைப் பார்த்தோம். அந்நியர் எவரும் நுழைந்ததாகத் தெரியவில்லை. அதற்குமேல் உறுதி கூற என்னால் இயலாது. மன்னியுங்கள்.

இப்போது இரகசியங்கள் கிட் தொடாத தனிக் கோப்பில் உள்ளன. அனுப்புமுன் வரிவரியாக வாசிக்கிறேன். பழைய கடவுச்சொல் இனி எதையும் திறவாது என்பதால் வரலாற்றைத் திருத்தவில்லை. “சிறு திருத்தம்” என்ற என் குறிப்பும் அங்கேயே இருக்கிறது.