இரவல் எழுத்து



பெருநாளைக்கு வரும் விருந்தாளிகளுக்கு வட்டிலப்பம் வைக்கிறீர்கள். செய்து தந்தவர் பக்கத்து வீட்டு மாமி. ருசித்தவர்கள், "யார் செய்தது?" என்று கேட்கிறார்கள். "நான்தான்" என்று வாய் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் அடுத்த மாதம் அந்த உறவுக்காரரே தங்கள் மகளின் கலியாணத்துக்கு நூறு பேருக்கு வட்டிலப்பம் வேண்டும் என்று முட்டையும் கருப்பட்டியும் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கினால் என்ன செய்வீர்கள்?

இது சின்ன விஷயம், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்னொருவரின் கட்டுரையைத் தன் பெயரில் அனுப்புகிறவரின் நிலையும் இதுதான். ஒரு கட்டுரையைத் திருடலாம். அடுத்த கட்டுரையை எழுதும் ஆற்றலைத் திருட முடியாது.

இப்படி ஒரு கேள்வி நபி (ஸல்) அவர்களிடமே வந்திருக்கிறது, அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து. அஸ்மா (ரழி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தனக்கு ஒரு சக்களத்தி இருப்பதாகவும், கணவர் தராததைத் தந்ததாக அவளிடம் காட்டிக்கொண்டால் குற்றமா என்றும் அப்பெண் கேட்டார். தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டுபவர் பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் பதில் வந்தது. கேட்டதோ வீட்டுக்குள் நடக்கும் ஒரு சிறு பெருமை. பதிலோ எல்லாத் துறைக்கும் பொருந்துகிறது. செய்யாத செயலுக்குப் புகழப்பட விரும்புவோரை ஆல இம்ரான் அத்தியாயத்தின் 188ஆவது வசனமும் கண்டிக்கிறது.

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் கலை படித்தபோது 'ஸரிகத்துல் ஹதீஸ்' என்றொரு சொல்லைக் கற்றோம். ஹதீஸ் திருட்டு என்று பொருள். ஓர் அறிவிப்பாளர் மட்டுமே ஓர் ஆசிரியரிடம் ஒரு ஹதீஸைக் கேட்டிருப்பார். கேட்காத இன்னொருவர் வந்து, "நானும் அவரிடம் கேட்டேன்" என்பார். இத்தனைக்கும் ஹதீஸின் வாசகம் உண்மையாகவே இருக்கலாம். பொய் இருப்பது, "நான் கேட்டேன்" என்பதில்தான். அதற்கே அவர் பெயருக்கு நேரே 'ஹதீஸைத் திருடுபவர்' என்று அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். அதன்பின் அவர் உண்மையாகக் கேட்டுச் சொன்ன ஹதீஸ்களையும் யாரும் ஏற்க முன்வரவில்லை. எழுதுகிறவர்கள் அஞ்ச வேண்டிய தண்டனை இது. களவெடுத்த ஒரு பக்கம், சொந்தமாக எழுதிய நூறு பக்கங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பெரிய இமாம்களுக்கிடையிலும் இந்த வழக்கு எழுந்திருக்கிறது. ஜலாலைன் தப்ஸீரின் ஆசிரியர்கள் இருவரில் ஒருவர் இமாம் ஸுயூத்தி (ரஹ்). ஹிஜ்ரி 911இல், அதாவது 1505இல் மரணித்தவர். புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் கஸ்தல்லானி (ரஹ்) அவரது காலத்தவர், 1517இல் மரணித்தார். தன் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு தன் பெயரைக் குறிப்பிடுவதில்லை என்று கஸ்தல்லானி மீது ஸுயூத்தி குறை சொன்னார். விஷயம் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரி (ரஹ்) அவர்களிடம் சென்றது. ஆதாரம் கேட்கப்பட்டது. ஸுயூத்தி வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. 'இவர் பல இடங்களில் பைஹகீ சொன்னதாக எழுதுகிறார். பைஹகீக்கு நூல்கள் பல உண்டு. எந்த நூலில் பார்த்தார் என்று சொல்லட்டும். என் நூலில் பார்த்திருந்தால், பைஹகீ சொன்னதாக ஸுயூத்தி எழுதியுள்ளார் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?' என்பது அதன் சாரம்.

பின்னர் கஸ்தல்லானி அவரது மனத்தாங்கலைத் தீர்க்க விரும்பி, கெய்ரோவிலிருந்து நைல் நதித் தீவான ரவ்ழாவில் இருந்த ஸுயூத்தியின் வீட்டுக்கு நடந்தே போனாராம். கதவைத் தட்டினார். யார் என்று உள்ளிருந்து குரல் வந்தது. செருப்பில்லாத காலுடனும் தலைப்பாகை இல்லாத தலையுடனும் வந்திருப்பதாகச் சொல்லி, மனம் பொருந்தும்படி வேண்டினார். பொருந்திவிட்டதாகப் பதில் வந்தது. கதவு திறக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஸுயூத்தி மீதும் இதே குற்றச்சாட்டை இமாம் ஸகாவி சுமத்தினார். சமகாலத்து அறிஞர்களின் சண்டையில் எல்லாச் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கஸ்தல்லானியின் நூல்களை உலமாக்கள் இன்றும் மதித்து ஓதுகிறார்கள். ஆனாலும் ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது அந்தக் கதவும் கூடவே வந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

எடுத்தவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எடுக்கப்பட்டவருக்கு என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி நன்றாக எழுதுவார். அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பின் கொப்பியில் எழுதிவைப்பார். அவருடைய கட்டுரை ஒன்று, ஒரு சொல்லும் மாறாமல், விழா மலர் ஒன்றில் வேறொருவர் பெயரில் வந்தது. மலர் ஊரெங்கும் வீடு வீடாகப் போனது. சில வருடங்களுக்குப் பின் தன் கட்டுரைகளைச் சிறு புத்தகமாக்கியபோது அதையும் சேர்த்தார். வாசித்தவர்கள், "இது அந்த மலரில் வந்ததல்லவா, நீங்கள் பார்த்து எழுதினீர்களா?" என்று அவரையே கேட்டார்கள். கொப்பியைக் காட்டி நிரூபிக்க அவர் போகவில்லை. எழுதுவதை நிறுத்திக்கொண்டார். பொருள் திருடப்பட்டால் அது திருட்டுப் பொருள் என்றாவது ஊர் சொல்லும். எழுத்துத் திருட்டில் பறிகொடுத்தவரே கள்ளராகிவிடுகிறார்.

"தீனுடைய விஷயம்தானே மவ்லவி, யார் பெயரில் போனால் என்ன, நன்மைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. குர்ஆனும் ஹதீஸும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு ஒருவர் எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பும் விளக்கமும் அவருடைய உழைப்பு. சொல்லைச் சொன்னவரோடு சேர்த்துச் சொல்வது அறிவின் பரக்கத்தைச் சேர்ந்தது என்று இமாம் குர்துபி (ரஹ்) தமது தப்ஸீரின் முன்னுரையிலேயே குறிப்பிடுகிறார். அன்று இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு எனப்பட்ட அமைப்பின் பிக்ஹ் அகடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு. அவர் வாழும் காலமும், மரணித்தபின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். தன் எழுத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அந்த உரிமையில் அடங்கும். வட்ஸ்அப்பில் வரும் நல்ல கட்டுரையின் அடியிலுள்ள பெயரை அழித்துவிட்டு அனுப்புகிறவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறது. மீலாத் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். நபியவர்களின் வியாபார நேர்மை தலைப்பு. வீட்டில் எழுதி அனுப்பலாம். இரண்டு கட்டுரைகளில் ஒரு பந்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. மக்கா வெற்றி ஹிஜ்ரி 6இல் என்ற பிழையும் இரண்டிலும் இருந்தது. (ஹிஜ்ரி 8 என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.) ஏதோவொரு பழைய பிரசுரத்தில் இருந்த அச்சுப்பிழையாக இருக்க வேண்டும். உம்மாமார் பார்த்தெழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது விளங்கியது. இரண்டையும் ஒதுக்கினோம்.

மூன்றாவது கட்டுரைதான் கவலையைத் தந்தது. மிக அழகானது. கொத்தால் அரிசி அளக்கும்போது கடைசியில் ஒரு பிடி கூடப் போடும் ஒரு பெண்ணைப் பற்றி அதில் வந்தது. "இதுவும் எங்கோ எடுத்ததுதான், இந்த வயதில் இப்படி எழுத வராது" என்றார் மற்ற நடுவர் ஒருவர். முதல் இரண்டின் குற்றம் இந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. கேட்காமல் தள்ளுவது அநியாயம் என்று சொல்லி, அவளை அழைக்கச் செய்தேன்.

வாப்பாவுடன் வந்தாள். பத்தாம் வகுப்பு. அந்தப் பகுதியைக் காட்டி, "இதை எங்கே பார்த்தீர்கள் மகள்?" என்று கேட்டேன்.

"பார்க்கல்ல மவ்லவி. எங்கட உம்மும்மா அப்படித்தான் அரிசி வித்ததாம். அவ சொன்னதைத்தான் எழுதினேன்."

"அப்படியென்றால் அவர் சொன்னது என்று ஏன் போடவில்லை?"

பிள்ளை விழித்தாள். "கிதாபில் உள்ளதுக்குத்தானே பேர் போடணும்? உம்மும்மாட பேரையும் போடலாமா?"

போடலாம் என்றேன். நடுவர்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, பேனையை வாங்கி ஓரத்தில் எழுதினாள்.